அறுபது மணித்தியாலம்

அறுபது மணித்தியாலம் என்று கேட்டதும் ஜீவராணிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள். மாவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

மகள் அனுஷியா பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் கடதாசியும் கையுமாக வாசலில் நின்று வாசித்துக் காட்டினாள். புதுச் சுற்றுநிருபமாம். இந்த வருஷத்திலிருந்து பரீட்சைப் பாடங்கள் குறைகின்றன. அதற்குப் பதிலாகத் 'தொழில் அறிமுகம்' என்று ஒன்று வருகிறது. சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு தொழிலை அறுபது மணித்தியாலம் செய்து பழகவேண்டும். செய்ததை எழுதிக் கோவையாகக் கட்டிக் கொடுக்கவேண்டும். அது வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்த் தேறி வரவேண்டும். தேறாவிட்டால் எத்தனை பாடத்தில் ஏ எடுத்தாலும் உயர்தர வகுப்புக்குள் காலெடுத்து வைக்க முடியாது.

"நாங்க எங்கயாச்சும் எடம் தேடணுமாம்மா. கிளாஸ்ல எல்லாரும் மாமா கடை, சித்தப்பா ஒபீஸ்னு சொல்றாங்க."

"ஏன் தேடணும்? அஞ்சு வருஷமா இடியப்பம் புழியிற. அறுபது மணித்தியாலத்த நீ இந்த மாசத்துலயே செஞ்சு முடிச்சிட்ட. அத எழுது."

"வீட்டுல செய்றதப் போடலாமான்னு தெரியலையே."

"தொழில்தானே கேட்டிருக்காங்க? நாம என்ன, கூட்டாஞ்சோறா ஆக்கிக்கிட்டு இருக்கோம்?"

பிற்பாடு வந்த அலைச்சலுக்கெல்லாம் இந்த ஒரு பேச்சுத்தான் காரணம் என்று ஜீவராணி எத்தனையோ தடவை தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டுவாங்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஏழைகளுக்கு ஒரு பழக்கம், எது பிழைத்தாலும் முதலில் தங்கள் தலையில்தான் குட்டிக்கொள்வார்கள்.

அவர்களுடைய வீடு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருந்தது. ஒரே அறை. முன்பக்கம் தகரம் இறக்கிய குசினி. புருஷன் சாந்தகுமார் புறக்கோட்டையில் நாட்டாமை. லொறியிலிருந்து வெங்காய மூட்டையும் சீனி மூட்டையும் இறக்கி மொத்தக் கடைகளுக்குள் சுமந்துபோகிற வேலை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் ஹட்டன் பக்கம். பதின்மூன்று வயதில் ஜீவராணியைக் கூட்டிவந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார்கள். காலையில் இடியப்பமும் இரவில் பிட்டுமாக ஆறு வருஷம் அந்தக் குசினியிலேயே போயிற்று. பள்ளிக்கூடம் போகவில்லையா பிள்ளை என்று அந்த ஆறு வருஷத்தில் எந்த அலுவலகத்திலிருந்தும் ஒரு ஈ காக்கைகூட வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கதையே வேறு.

அங்கே பழகின இடியப்பம்தான் இப்போது சோறு போடுகிறது. ஆமர் வீதிச் சந்திக்குப் பக்கத்தில் தாஸிம் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் பின்னேரம் முந்நூறு இடியப்பம் கொடுக்கவேண்டும். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. ஏழு மணிக்குக் கூடை கடையில் இருக்கவேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜீவராணியின் வலது தோள்மூட்டு விட்டுப்போயிற்று. இடியப்ப உரலை அழுத்தினால் கை விரல் வரைக்கும் மரத்துப்போகும். அன்றைக்கு அனுஷியா தானாகவே வந்து, "தள்ளும்மா" என்று உரலை வாங்கினாள். அன்றிலிருந்து மாவு குழைப்பதும் அவிப்பதும் தாய், பிழிவது மகள். மூன்றரைக்குத் தொடங்கினால் ஆறரைக்கு முடியும். ஒரு ஈடு அவிந்து இறங்குவதற்குள் ஒரு கணக்குச் செய்துவிடுவாள். அவளுடைய கணக்குக் கொப்பியில் மாவுக் கைரேகை இல்லாத பக்கம் கிடையாது.

அவளுக்கு அது பாரமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிழிவாள். வெள்ளிக்கிழமைகளில் சிநேகிதிகள் கடற்கரைக்குப் போகும்போது இவள் போக முடியாது. ஜீவராணிக்கு அது தெரியும். அதனால்தான் இந்தப் புதுத்திட்டம் வந்ததும் அவளுக்கு அத்தனை சந்தோஷம். பிள்ளை பட்ட பாட்டுக்கு முதல்முறையாக அரசாங்கமே ஒரு புள்ளி போடப் போகிறது என்று நினைத்தாள்.

கோவையை அனுஷியா நாற்பத்திரண்டு பக்கம் எழுதினாள். பச்சை அரிசியை ஊறவைப்பது, மாவை வறுப்பது, அரிப்பது எல்லாவற்றுக்கும் படம் கீறியிருந்தாள். அதற்குள் ஒரு அட்டவணை. வெயில் நாளில் ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு தண்ணீர், மழை நாளில் எவ்வளவு என்று இரண்டு மாதம் அளந்து எழுதினது. மழைக்காலத்தில் மாவு காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்துவிடும், வெயில்கால அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் பிழியும்போது களியாகிவிடும் என்பது ஜீவராணிக்குக் கைப்பழக்கம். மகள் அதைத் தராசில் நிறுத்து, கோடு போட்டு, வரைபடமாக்கியிருந்தாள். சாந்தகுமார் வேலையால் வந்து, கையைத் துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் தொடாமலே குனிந்து பார்த்தான்.

"நம்ம தண்ணி ஊத்துறதுக்குள்ள இவ்வளவு படிப்பு இருக்கா?" என்றான்.

மூன்று கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆளனுப்பினார்கள்.

அனுஷியாவின் வகுப்பாசிரியை யோகேஸ்வரி யாழ்ப்பாணத்து ஆள். வெள்ளவத்தையில் ஃபிளாட் ஒன்றில் இருந்து தினமும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வருகிறவர். கண்டிப்பானவர், ஆனால் வஞ்சகம் இல்லாதவர். பணிமனையிலிருந்து திரும்பி வந்த கோவையை மேசையில் வைத்து, முதல் பக்கத்தை ஜீவராணி பக்கம் திருப்பினார். குறுக்கே சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'வதிவிடம் பயிற்சி நிலையமாகாது. சிறுவர் உழைப்புக்குச் சான்றாகத் தெரிகிறது. விளக்கம் கோரவும். தவறின் நன்னடத்தைப் பிரிவுக்கு அறிவிக்கவும்.'

ஜீவராணி இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"என்னாங்க டீச்சர் இது? வேல செஞ்சு பழகச் சொன்னீங்க. பழகினதத்தானே புள்ள எழுதியிருக்கா?"

"ஓம் அம்மா. நான் முழுக்க வாசிச்சனான். இருபது வருசப் படிப்பிப்பில இப்பிடி ஒரு கோவை நான் காணேல்லை. ஆனா பதிஞ்ச நிறுவனம் எண்டாத்தான் எடுப்பினமாம். பிள்ளை வேற, பதினொரு வயசில இருந்து செய்யிறன் எண்டு எழுதிப்போட்டா."

"உண்மையத்தானே எழுதினா?"

"உண்மைதான். அதுதான் பிரச்சினை."

"கடையில போயி அறுபது மணித்தியாலம் செஞ்சா அது படிப்பு. வீட்டுல தாய்க்கு ஒத்தாசையா செஞ்சா அது குத்தமா?"

யோகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் இதுக்கு மறுமொழி தெரியேல்லை அம்மா. என்ர கையில ஒண்டும் இல்லை."

ஜீவராணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சிறுவர் உழைப்பு என்றால் என்னவென்று அவளுக்கா படிப்பிக்கப் போகிறார்கள்? பதின்மூன்று வயதில் அந்நியர் வீட்டு அடுப்பில் வெந்தவள் அவள். தன் பிள்ளைக்கு அது வரக்கூடாது என்றுதானே தோள் போன பிறகும் மாவு குழைக்கிறாள். அதை யாரிடம் சொல்வது? சிவப்பு மைக்குக் காதா இருக்கிறது?

"இப்ப நான் என்னா செய்யணும் டீச்சர்?"

யோகேஸ்வரி தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டு காரியம். பதிவுள்ள ஒரு இடத்தில் புதிதாக அறுபது மணித்தியாலம் செய்து, அங்கே சான்றிதழ் உள்ள ஒரு பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அதற்கு முன்னால் தாய் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கவேண்டும். கடிதத்தின் வாசகம் பணிமனையிலிருந்தே வந்திருந்தது. 'எனது மகள் வீட்டில் எந்த வருமானத் தொழிலிலும் ஈடுபடுத்தப்படவில்லை எனவும், முன்னைய கோவையில் எழுதப்பட்டவை மாணவியின் கற்பனை எனவும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.'

"கற்பனையா?" என்றாள் ஜீவராணி.

"கையெழுத்தைப் போட்டுவிடுங்கோ அம்மா. நன்னடத்தைக்காரர் வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனா அது வேற கரைச்சல். பிள்ளையின்ர உயர்தரத்தை நினைச்சுப் போடுங்கோ."

அவள் போட்டாள். வெளியே வந்தபோது மகளுடைய சிநேகிதி றுஷ்னா தாழ்வாரத்தில் நின்றாள். அவளுடைய கோவை தேறிவிட்டது. கொள்ளுப்பிட்டியில் மாமாவின் ஒபீஸ், ஏழே பக்கம்.

"ஒனக்கு அங்க என்னா வேல குடுத்தாங்க புள்ள?" என்று ஜீவராணி கேட்டாள்.

றுஷ்னா பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ரெண்டு நாள் போனேன், ஏசிக்குள்ள இருந்து போன் பாத்தேன். மிச்சத்த மாமா சீல் அடிச்சித் தந்தாரு. அனுஷியாடத நான் பாத்தேன் ஆன்ட்டி. எனக்கே வெக்கமாப் போச்சு."

அன்று பின்னேரம் மழை கொட்டிற்று. தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. முந்நூறும் முடிந்த பிறகு, ஜீவராணி உடைந்த இடியப்பங்களைப் பொறுக்கித் தேங்காய்ச் சம்பலோடு பிசைந்து மகளுக்குக் கொடுத்தாள். அவள் தட்டைத் தொடவில்லை.

"நான் கற்பன பண்ணி எழுதினேனாம்மா?"

"சும்மா ஒரு கடதாசிடி அது."

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

ஜீவராணி தட்டை மகள் பக்கம் தள்ளி வைத்தாள். கதவோரம் குந்தியிருந்த சாந்தகுமார்தான் பேசினான். "உங்கம்மாவ ஏன் குத்துற? போடலன்னா ஒன்னய வந்து கூட்டிட்டுப் போயிருவேன்னு எழுதியிருக்கான். எந்த நாய் எழுதினானோ, அவன் வந்து ஒரு மூட்ட தூக்கிப் பாக்கட்டும்."

"நாய்னு சொல்லாதீங்க. பெரிய மனுசங்க," என்றாள் ஜீவராணி. சொல்லிவிட்டு, "நாய்தான்," என்றாள். அப்போதுதான் அனுஷியா ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

தாஸிம் நானாவிடம் கேட்கப் போனபோது அவர் காசு மேசையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்ன தங்கச்சி, எழுதித் தாறேன். புள்ளட படிப்புத்தானே. கடைக்கிப் பதிவு ஈக்கி. என்ட மருமகன் ரிஷாத்துக்கு ஹோட்டல் ஸ்கூல் டிப்ளோமாவும் ஈக்கி. அவன் பேரப் போடுவோம்."

"வெறும் கடதாசி வேணாம் நானா. புள்ள வந்து நெசமாவே செய்யட்டும். இல்லாட்டி இந்தத் தடவையும் கற்பனைன்னு சொல்லிருவாங்க."

"வரச் செல்லு. ஆனா ஒண்டு, இடியப்பம் இங்க யாரு செய்ற? நீ கொண்டுவாறதத்தானே நாங்க விக்கிற."

இப்படியாக அனுஷியா இருபது நாள், தினமும் மூன்று மணித்தியாலம் தாஸிம் நானாவின் கடையில் தொழில் பழகினாள். கை துடைக்கிற கடதாசியை முக்கோணமாக மடித்தாள். தக்காளிச் சோஸ் போத்தல்களைத் துடைத்தாள். ரிஷாத் நல்ல பையன். "தங்கச்சி, ஒனக்கு நான் என்னத்தப் படிச்சித் தாற?" என்று கூச்சத்தோடு கேட்டு, ஒரு மூலை மேசையைக் காட்டி, கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து செய்யச் சொன்னான். அந்த இருபது நாளும் வீட்டில் ஜீவராணி தனியாக முந்நூறு இடியப்பம் பிழிந்தாள். வலது கை மரத்ததும் இடது கையால் அழுத்தினாள். அதுவும் முடியாதபோது உரலின் மேல் நெஞ்சை வைத்து அழுத்தினாள். ஏழு மணிக் கூடை எட்டு மணிக்குப் போயிற்று. தாஸிம் நானா மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அவள் தோளைப் பார்த்தார். கூடையை இறக்கும்போது மகள் அந்த மூலையில் சுத்தமான கையோடு கணக்குச் செய்துகொண்டிருப்பதைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஒரு ஆறுதல். ஆறுதல்பட வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் ஆத்திரம்.

அறுபது மணித்தியாலம் முடிந்தபோது பணிமனையிலிருந்து அறிவித்தல் வந்தது. சாப்பாட்டுக் கடைகளில் பழகினவர்களை நேரில் பார்த்துத்தான் தேறவைப்பார்களாம். பிள்ளை ஒரு உணவைச் செய்து காட்டவேண்டும். கோவையில் ரிஷாத் 'இடியப்பம் தயாரித்தல்' என்று எழுதிவிட்டிருந்தான். கடதாசி மடிப்பதை எப்படி எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடையில் இடியப்ப உரல் கிடையாது, தட்டும் கிடையாது. அதனால் அன்றைக்கு மத்தியானம் ஜீவராணியே உரலையும் முப்பது தட்டுகளையும் வீட்டிலிருந்து சுமந்துகொண்டு போனாள். மாவைக் கடையிலிருந்தே எடுக்கவேண்டும் என்பது விதி. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது.

மூன்று மணிக்கு யோகேஸ்வரி டீச்சரோடு அதிகாரி வந்தார். பெயர் ஒஸ்வால்ட். கொழும்பு ஆள்தான், ஐம்பது வயதிருக்கும், தோளில் கறுப்புப் பை. யோகேஸ்வரி ஜீவராணியின் பக்கத்தில் வந்து நின்று, "இவர்தான் அந்தச் சிவப்பு மைக்காரர்," என்று காதோடு சொன்னார். "பேரைப் பாத்து அவருக்கு ஞாபகம் வரேல்லை. நல்லதாப் போச்சு. நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ."

ஜீவராணி அவரை உற்றுப் பார்த்தாள். கொடியவர் மாதிரித் தெரியவில்லை. வேலைக்கு வந்த களைப்பும் பசியும் உள்ள ஒரு மனிதர்போலத்தான் தெரிந்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தன் பிள்ளையின் நாற்பத்திரண்டு பக்கத்தை அடித்தவருக்கு அவள் பெயர்கூட நினைவில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க மகள்," என்றார் ஒஸ்வால்ட்.

அனுஷியா மாவுக்குள் கையை விட்டாள். இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள். பிறகு அளந்து வைத்திருந்த சுடுதண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கேத்தலுக்குள் ஊற்றினாள்.

"ஏன் கொறைக்கிறீங்க? இந்த ஃபைல்ல எழுதியிருக்கிற அளவு வேறயே."

"மழைக் காத்து சேர். மாவு ஏற்கனவே ஈரம். அந்த அளவு ஊத்தினா களியாயிரும்."

அவர் புருவத்தை உயர்த்தினார். அனுஷியா பிழிந்தாள். உரலைப் பிடித்த கை மூன்று சுற்றுச் சுற்றி விட்டதும் தட்டில் வட்டம் நிறைந்தது. ஒன்றுபோலப் பன்னிரண்டு தட்டு. மேசைக்காரர்கள் இரண்டு பேர் சாப்பாட்டை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஆவி பறக்க இறக்கினதும் தாஸிம் நானா தானே சொதியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். ஒஸ்வால்ட் நாலு இடியப்பம் சாப்பிட்டார். பிறகு இன்னும் இரண்டு எடுத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து கோவையைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நான் இதுவரைக்கும் பாத்த பிள்ளைகள்ல இப்பிடி ஒருத்தரும் செய்யேல்ல. அறுபது மணித்தியாலத்தில இவ்வளவு தூரம் வாறதெண்டா பெரிய விசயம். இந்தத் தண்ணிக் கணக்கெல்லாம் யாரு மகள் சொல்லித் தந்தது?"

அனுஷியா நிமிர்ந்தாள். கையெல்லாம் மாவு. அவள் ரிஷாத்தைப் பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை ஜீவராணிக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உரலை வாங்க வந்த அன்றைக்கும் இதே பார்வைதான். பிள்ளை உண்மையைச் சொல்லப் போகிறாள். சொன்னால் கோவை போயிற்று, கடிதம் பொய்யாயிற்று, உயர்தரம் கனவாயிற்று. சொல்லாமல் விட்டால் அந்தப் பொய்யை அவள் வாயாலேயே சொல்லவேண்டும்.

"ரிஷாத் தம்பிதான் சேர்," என்று ஜீவராணி முந்திக்கொண்டாள். குரல் கொஞ்சம் உரக்கத்தான் வந்துவிட்டது. "எல்லாம் இங்க வந்து படிச்சதுதான். வீட்டுல அவ ஒரு துரும்பத் தூக்கிப் போட மாட்டா. குடிச்ச கோப்பையக் கூட நாந்தான் கழுவி வைக்கணும்."

ரிஷாத் தலையைக் குனிந்துகொண்டான். யோகேஸ்வரி சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

ஒஸ்வால்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜீவராணியைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, ஒரு மூத்தவருடைய கரிசனைதான் இருந்தது.

"அப்பிடி வளக்கக் கூடாது அம்மா. இந்தப் புதிய திட்டமே அதுக்காகத்தான் வந்தது. எங்கட பிள்ளைகளுக்கு உழைப்பெண்டா என்னெண்டு தெரியாது. புத்தகத்தக் கட்டிப் பிடிச்சிக்கொண்டு இருந்தாக் காணாது. வீட்டிலயும் சின்னச் சின்ன வேலை குடுத்துப் பழக்குங்க."

வெள்ளவத்தைக் குசினியில் போன ஆறு வருஷம், மரத்துப்போன தோள், நாற்பத்திரண்டு பக்கம், 'கற்பனை' என்று தன் கையால் போட்ட கையெழுத்து எல்லாம் சேர்ந்து ஒரே வார்த்தையாக ஜீவராணியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் அவருடைய பேனாவைப் பார்த்தாள். கையெழுத்துப் போடவேண்டிய கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது.

"சரிங்க சேர்," என்றாள். "இன்னைக்கே பழக்குறேன்."

அவர் போட்டார். சீல் அடித்தார். 'மிகத் திறமை' என்று நீல மையில் எழுதினார். பயிற்சியாளர் என்ற இடத்தில் ரிஷாத் கையெழுத்து வைத்தான். அனுஷியா உரலைத் தூக்கிக்கொண்டு கழுவப் போகிறேன் என்று பின்பக்கம் போனாள். குழாய் திறந்த சத்தம் கேட்டது, அது வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஜீவராணி பின்னால் போகவில்லை. பிள்ளை அழுவதைப் பார்த்தால் தன் வாயும் திறந்துவிடும் என்று அவளுக்குப் பயம். கோவை ஒஸ்வால்டின் கறுப்புப் பைக்குள் போய், அதன் ஸிப் முழுவதும் மூடப்படும் வரைக்கும் அவள் அந்த மேசையை விட்டு அசையாமல் நின்றாள்.